பார்க்காத கொக்கி

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும்தான் பிழைத்துக் கிடந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் மூணுதரம் அண்ணன். எதையும் மூன்று தடவை பார்க்காமல் விடமாட்டார். வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுப்பார். அடுப்பை அணைத்தால் மூன்று முறை குனிந்து பார்ப்பார். "ஊர்ல எல்லாரும் வீட்டைப் பூட்டுறாங்க, எங்க வீட்டுக்காரர் பூட்டுக்கு நாடி பிடிச்சுப் பாக்குறார்" என்று அவர் மனைவி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்காமல் வேறென்ன செய்வாள், பாவம்.

உயரமான கட்டடங்களின் கண்ணாடிச் சுவரை வெளியிலிருந்து கழுவுகிற குழு ஒன்றுக்கு அவர் தலைவர். மொட்டை மாடியில் கயிற்றைக் கட்டி, இடுப்பில் பெல்ட்டும் உட்காரப் பலகையுமாகத் தொங்கிக்கொண்டு, மாடி மாடியாகத் துடைத்தபடி இறங்கவேண்டும். உள்ளே குளிர்ந்த அறையில் காபி குடித்துக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே ஒரு மனிதன் வாளியோடு மிதப்பான். சிலர் கையசைப்பார்கள். சிலர் திரையை இழுத்து விடுவார்கள்.

குழுவில் அவரைத் தவிர மூன்று பேர். ஒருவன் நெட்டை, ஆறடிக்கு மேல் இருந்ததால். ஒருவர் அத்தான், மேனேஜருடைய மைத்துனர் என்று சொல்லி வேலைக்கு வந்தவர், உறவு பிறகு கசந்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மூன்றாமவர் டீச்சர். உண்மையாகவே பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பதைவிட ஒன்பதாவது மாடியில் தொங்குவது நிம்மதி என்று இந்த வேலைக்கு வந்துவிட்டார்.

இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. மாடியின் சுவரோரம் பதித்த இரும்பு வளையத்தில் கொக்கியை மாட்டி, அதில் கயிற்றைக் கட்டுவது இறங்குகிற ஆள். அதைப் பார்ப்பது இன்னொரு ஆள். வளையம் வரைக்கும் நடந்து போய், குனிந்து, கயிற்றை இழுத்து, கொக்கியின் திருகு மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கவேண்டும். திருகை முழுக்க மூடினால் உள்ளே இருக்கும் சிவப்புக் கோடு மறைந்துவிடும். சிவப்பு தெரிந்தால் கொக்கி திறந்திருக்கிறது என்று அர்த்தம். இறங்குகிறவர் "பாத்தியா?" என்று கேட்பார். மற்றவர் "பாத்தேன்" என்பார். அந்த ஒரு சொல் வராமல் யாரும் சுவரைத் தாண்டிக் காலை வெளியே வைப்பதில்லை. அவ்வளவுதான் சட்டம். ஒரு மனிதனுடைய முழு எடையையும் அந்த ஒரு சொல்தான் தாங்கும்.

மூணுதரம் அண்ணனின் குழுவில் இன்னும் இரண்டு தடவை கூடுதல். ஆள் பார்த்த பிறகு அவரும் போய்ப் பார்ப்பார். திரும்பி நாலடி நடந்துவிட்டு மறுபடி போய்ப் பார்ப்பார். கம்பெனியில் அவரைக் கொண்டாடினார்கள். காற்று பலமாக அடித்தால் மேனேஜர் முகத்துக்கு நேரே "இன்னிக்கு இறங்க முடியாது சார்" என்று சொல்கிற ஒரே ஆள் அவர்தான். ஒருமுறை நெட்டை ஒரு கண்ணாடியில் கீறல் போட்டுவிட்டு விழித்துக்கொண்டு நின்றபோது, கட்டடத்துக்காரரிடம் தானே போய், "என் குழு செஞ்ச தப்பு, நான்தான் பொறுப்பு" என்று நின்றார். உண்மை பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று எல்லாரும் சொன்னார்கள். மற்ற குழுக்களுக்குப் பாடம் எடுக்கவும் அவரைத்தான் அனுப்பினார்கள்.

அவர் மட்டும் அதை நம்பவில்லை. நம்ப முடியாததற்குக் காரணம் இருந்தது.

தினமும் காலையில் அவர் மாடிக்கு ஏறியதும் ஒரு குரல் கேட்கும். பக்கத்தில் நின்று யாரோ சாதாரணமாகக் கேட்பது போல. "பாத்தியா?" அதற்கு முன்னால் வாளியில் விரல் தட்டுகிற சத்தம் வரும். காற்றுக்கு வாளியின் கைப்பிடி ஆடுகிறது என்று டீச்சர் சொல்வார். இருக்கலாம். ஆனால் காற்றுக்குத் தாளம் தெரியாது. அந்தச் சத்தத்தில் தாளம் இருந்தது. அதைக் கேட்டால் அவருடைய வலது பாதம் தானாகச் சுடும்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அவருக்கு ஜோடியாக வேலை பார்த்தவனுக்குத் தபேலா என்று பெயர். வாளி, பலகை, சாப்பாட்டு டப்பா, அடுத்தவன் முதுகு, எது கிடைத்தாலும் தட்டிக்கொண்டே இருப்பான். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவனுக்கு ஜுரம் என்றால் மற்றவன் இருமுவான் என்று கேலி பேசும் அளவுக்குச் சிநேகம்.

அன்றைக்கு நல்ல வெயில். மூணுதரம் அண்ணனின் ஷூவுக்குள் ஒரு பொடிக்கல் புகுந்துவிட்டது. ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். தபேலா கொக்கியை மாட்டிவிட்டு, சுவர்மேல் ஏறி உட்கார்ந்து, வாளியைத் தட்டியபடி கேட்டான்: "பாத்தியா?"

வளையம் இருபதடி தள்ளி இருந்தது. தரை கொதித்தது. வலது காலில் ஷூ இல்லை.

"பாத்தேன்" என்றார்.

இதுதான் நடந்தது. இதற்குமேல் ஒரு காரணமும் கிடையாது. குடித்திருந்தார், சண்டை போட்டிருந்தார், உடம்பு முடியவில்லை என்று ஏதாவது இருந்தால் மனிதன் அதைப் பிடித்துக்கொண்டாவது கரையேறலாம். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு பொடிக்கல்.

அந்தக் காலத்தில் பாதுகாப்புக் கயிற்றையும் அதே கொக்கியில்தான் மாட்டுவார்கள். கயிறு ஆட ஆட, கொக்கியின் வாய் வளையத்தில் மோதித் திறந்துகொண்டது. சத்தம் கேட்டு அவர் ஒற்றை ஷூவோடு ஓடிப்போய்ப் பார்த்தபோது வளையத்தில் வெறும் கொக்கி தொங்கியது. சிவப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது. கீழே எட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

விசாரணையில் கேட்டார்கள், "நீங்க பாத்தீங்களா?" அவர் வாயிலிருந்து இரண்டு வாக்கியம் வந்தது. "நான் பாத்தப்போ சரியாத்தான் இருந்துச்சு. அவன் அப்புறம் தொட்டிருப்பான்." நரம்பில்லாத நாக்கு, எப்படியும் வளையும். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்? இறந்தவரின் கவனக்குறைவு என்று எழுதி விசாரணையை முடித்துவிட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கேவலம் அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பொய்யிலிருந்து ஒரு விதி பிறந்தது. சாமான் அறையின் சுவரில் கம்பெனி எழுதிவைத்த பாதுகாப்பு விதிகளில் நாலாவது: "பார்த்த பிறகு கொக்கியைத் தொடாதே." புது ஆட்கள் வரும்போதெல்லாம் அவரே அந்த விதியின் கதையைச் சொல்லவேண்டி வந்தது. "எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். நான் பாத்தப்போ சரியாத்தான் இருந்துச்சு. அவன் அப்புறம் தொட்டிருப்பான்." சொல்லிச் சொல்லி அந்த இரண்டு வாக்கியமும் மழமழவென்று ஆகிவிட்டன. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். சிலர் அழுதார்கள். அப்போதெல்லாம் அறையின் மூலையிலிருந்த காலி வாளி அவருக்கு மட்டும் கேட்கும்படி இரண்டு தட்டு தட்டும்.

தபேலாவின் வீட்டுக்கு அவர் போகாமலும் இருக்கவில்லை. அங்கேதான் இன்னும் மோசம். மாதத்துக்கு ஒரு தடவை போவார். குழாய் ஒழுகினால் சரிசெய்வார், பல்பு மாற்றுவார். தபேலாவின் மனைவி தையல் வேலை செய்து பிழைத்தாள். அவரை வாய் நிறைய "அண்ணா" என்பாள். உள்ளறையில் தபேலாவின் அம்மா கட்டிலோடு இருந்தாள். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் போகும்போது அவர் மூலமாகப் பேசுவார்கள். "அண்ணா, மாத்திரை மேஜை மேல இருக்குன்னு உள்ள சொல்லுங்க." உள்ளேயிருந்து, "தம்பி, எனக்குக் கண்ணு இருக்குன்னு வெளிய சொல்லு." மூன்று எட்டு தூரத்துக்கு அவர் தபால்காரர். மாமியார் மருமகள் என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார். ஏன் என்று கேட்டதில்லை. கேட்க அவருக்கு வாய் ஏது?

இப்படியே பதினொரு வருடம் ஓடியது. ஒரு நாள் காலை மாடியில் எல்லாரும் தயாராகிக்கொண்டிருந்தபோது மேனேஜர் போனில் பிடித்துக்கொண்டார். மூணுதரம் அண்ணன் மாடிப்படி வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். டீச்சர் கொக்கியை மாட்டிவிட்டுச் சுவர்மேல் ஏறினார். பார்க்கவேண்டியவன் நெட்டை. அவன் தண்ணீர்க் குழாயடியில் வாளி நிரப்பிக்கொண்டிருந்தான்.

"பாத்தியாப்பா?" என்று டீச்சர் கேட்டார்.

"பாத்தேன் டீச்சர்" என்றான் நெட்டை, குழாயை விட்டு நகராமல்.

டீச்சர் ஒரு காலை வெளியே போட்டார். போனைக் காதில் வைத்தபடியே மூணுதரம் அண்ணன் வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்த வளையத்தைப் பார்த்தார். சிவப்பு தெரிந்தது.

போனை எங்கே போட்டார், எப்படி ஓடினார் என்று அவருக்குத் தெரியாது. டீச்சரின் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். டீச்சருடைய முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. பாதுகாப்புக் கயிறு இப்போது தனி வளையத்தில்தான் இருந்தது, டீச்சர் செத்திருக்கமாட்டார் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். அந்த நேரத்தில் அது யாருக்கு ஞாபகம் வந்தது?

நெட்டையின் முகம் வெளுத்துவிட்டது. அவன் வாயைத் திறந்தான்.

"அண்ணே, நான் பாத்தப்போ சரியாத்தான் இருந்துச்சு. டீச்சர் அப்புறம் தொட்டிருப்பாங்க."

அதே இரண்டு வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை, ஆள் மட்டும்தான் மாறியிருந்தது. அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். விதியோடு சேர்த்து, கதையோடு சேர்த்து, மாட்டிக்கொண்டால் என்ன சொல்லித் தப்பலாம் என்பதையும் வருடக்கணக்காகப் பாடம் எடுத்திருக்கிறார்.

அத்தான் கத்தினார். "பொய் சொல்றான். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன், இவன் குழாயடிய விட்டு நகரவே இல்ல. அண்ணே, இவனை இப்பவே கீழ அனுப்புங்க. இனிமே இவன் முகத்துலயே முழிக்கக் கூடாது."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அனுப்பியிருக்கலாம். நெட்டை தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போயிருப்பான். மூணுதரம் அண்ணனின் பெயர் இன்னும் ஒரு படி உயர்ந்திருக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்குக் குறுகுறுக்கவில்லை, ஓய்ந்துபோயிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தார்.

"அவன் பாக்கல. நானும் பாக்கல" என்றார்.

"நீங்க போன்ல இருந்தீங்கண்ணே" என்றார் அத்தான்.

"இன்னிக்கு இல்ல. தபேலா விழுந்த அன்னிக்கு. அவன் கேட்டான், நான் பாக்காமலே பாத்தேன்னு சொன்னேன். கையில ஷூவை வெச்சிருந்தேன். தரை சுட்டுது. அவன் கொக்கியைத் தொடவே இல்ல."

டீச்சர் முழங்கையைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டே கேட்டார், "அப்ப நாலாவது விதி?"

"பொய்."

"நீங்க எங்களுக்குச் சொன்ன கதை?"

"அதுவும்தான்."

அத்தான் விலகிப் போய்த் தூரத்தில் நின்றார். திரும்பாமலே பேசினார். "பதினோரு வருஷமா செத்தவன் தலைல பழியைப் போட்டுட்டு எங்களுக்கு உபதேசம் பண்ணிருக்கீங்க. உங்க வாயால வந்த 'பாத்தேன்'ங்கிற சொல்லை நம்பி எத்தனை தடவை இறங்கிருக்கேன் தெரியுமா?"

நெட்டை பேசினான். "நானும் பாக்கலைண்ணே. அண்ணன் எப்படியும் ரெண்டு தரம் பாப்பாரேன்னு விட்டுட்டேன். இன்னிக்கு மட்டும் இல்ல. நிறைய நாள்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "நானும் சில நாள் பாத்ததில்ல" என்றார். கடைசியில் தூரத்தில் நின்ற அத்தானும் திரும்பிப் பார்த்தார். அவரும் பல நாள் கொக்கியைப் பார்த்ததில்லை. ஒருவருடைய பயத்தின்மேல் மற்ற மூன்று பேரும் சாய்ந்துகொண்டு நிம்மதியாகத் தொங்கியிருக்கிறார்கள். மூன்று தடவை பார்க்கிற குழுவில் உண்மையில் பார்த்தது ஒரே ஆள், அவரும் பேய் பிடித்துப் பார்த்தவர்.

மேனேஜரிடம் அன்று மதியமே போனார். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு, "யானைக்கும் அடி சறுக்கும். முடிஞ்சுபோன விஷயத்தை எதுக்கு இப்பக் கிளறுறீங்க? கம்பெனி பேரும் கெடும், உங்க பேரும் கெடும்" என்றார். மூணுதரம் அண்ணன் எழுதிக் கொண்டுவந்த தாளை மேஜைமேல் வைத்தார். அதில் நாலே வரி. குழுத் தலைமையை டீச்சரிடம் கொடுக்கும்படி கடைசி வரியில் இருந்தது. மேனேஜர் படித்துவிட்டு, "இதுக்கப்புறம் நான் உங்களைக் காப்பாத்த முடியாது" என்றார். "வேண்டாம் சார்" என்று வெளியே வந்தார்.

வாசலில் டீச்சர் நின்றிருந்தார். "அவங்க வீட்டுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"முதல்ல அங்கல்ல போயிருக்கணும்."

அது உண்மை. அங்கே போவதற்குப் பயந்துதான் அவர் முதலில் மாடியில் சொன்னார், பிறகு அலுவலகத்தில் சொன்னார். தைரியசாலி என்று யாராவது நினைத்திருந்தால் அந்த நினைப்பையும் இங்கேயே விட்டுவிடலாம்.

சாயங்காலம் போனபோது தபேலாவின் மனைவி ஜாக்கெட் ஒன்றுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணா, குழாய் நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தாள். அவர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். பொடிக்கல், ஷூ, சூடான தரை, பாத்தேன் என்ற சொல், விசாரணையில் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை.

அவள் தைப்பதை நிறுத்தவில்லை. நாலைந்து தையல் போட்ட பிறகுதான் ஊசி நின்றது.

"அவர் தொடலையா?" என்று கேட்டாள்.

"தொடலம்மா. திருகை மூட மறந்துட்டான். எல்லாரும் மறப்பாங்க. அதுக்குத்தான் இன்னொரு ஆளு பாக்கணும்னு வெச்சிருக்கு. பாக்கவேண்டியவன் நான்."

அவள் அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். கையிலிருக்கும் கத்தரிக்கோலால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அன்னிக்குக் காலைல எங்களுக்குச் சண்டை. சட்டைல பட்டன் இல்லைன்னு கத்துனார். எனக்கும் கோவம். போய்த் தொலைங்கன்னு சொன்னேன். எல்லாரும் சொல்றதுதானே? அவர் போனார். தொலைஞ்சே போயிட்டார். நான் சொன்னது அத்தை காதுல விழுந்துடுச்சு. என் புள்ள நீ சொல்லியனுப்பித்தான் போனான், உன் வார்த்தை அவன் மனசைக் கலக்கி, சரியா மாட்டுன கொக்கியையும் அவன் கையே திறந்துடுச்சுன்னு சொன்னாங்க. அன்னியோட என்கிட்டப் பேச்சை நிறுத்திட்டாங்க." ஊசியைத் துணியில் குத்திவைத்தாள். "அவங்க சொன்னதுதான் உண்மைன்னு நானும் நம்பிட்டேண்ணா. ஒவ்வொரு பட்டன் தைக்கும்போதும்."

செத்தவன் ஒருவன் மேல்தான் பழி போட்டோம் என்று மூணுதரம் அண்ணன் இத்தனை வருடம் நினைத்திருந்தார். இந்த வீட்டுக்குள் மாதாமாதம் வந்து, குழாயைத் திருகி, பல்பை மாற்றி, இரண்டு பெண்களுக்கு நடுவே தபால் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தைக் கட்டிவைத்ததே அவருடைய இரண்டு வாக்கியம்தான். அவர் அழுதார். அவள் அதைப் பார்க்காத மாதிரி எழுந்தாள்.

"உள்ள போங்க. அவங்ககிட்டயும் சொல்லுங்க."

"நீயே சொல்லும்மா."

"நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீங்க இது வரைக்கும் எவ்வளவோ சொல்லிருக்கீங்க இந்த வாசப்படில நின்னு. இதையும் சொல்லுங்க."

அந்த மூன்று எட்டையும் அவர் நடந்தார். பெரியவள் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுவர் மெல்லிசு; பாதி கேட்டிருக்கும். இருந்தும் அவர் முதலிலிருந்து சொன்னார். அவள் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கேட்டாள்:

"என் புள்ள உன்னைக் கேட்டானா?"

"கேட்டான்மா. பாத்தியான்னு கேட்டான்."

"நீ பாத்தியா?"

பதினொரு வருடமாக ஒவ்வொரு காலையும் காதில் விழுந்த அதே கேள்வி, இப்போது உயிரோடு இருக்கிற ஒரு வாயிலிருந்து வந்தது.

"பாக்கலம்மா" என்றார்.

பெரியவள் அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். சாபம் ஒன்றும் வரவில்லை. "நீ போ" என்றாள். அவ்வளவுதான்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். வெயில் இறங்கியிருந்தாலும் படி இன்னும் சுட்டது. இடது ஷூவைப் போட்டுக்கொண்டு வலது ஷூவைக் கையில் எடுத்தபோது உள்ளேயிருந்து குரல் கேட்டது. அவரைத் "தம்பி" என்று கூப்பிடவில்லை. "வெளிய சொல்லு" என்று சொல்லவில்லை.

"அம்மாடி" என்றது அந்தக் குரல், பழக்கம் விட்டுப்போய்க் கரகரத்து. "அம்மாடி, இங்க வா."

அவர் ஷூவைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தார். தையல் மிஷின் பக்கமிருந்து பதில் வரவில்லை. நெடுநேரம் வரவில்லை. பிறகு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"வரேன் அத்தை."

அவர் ஷூவைப் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தார். அந்த வீட்டுக்கு அதற்குப் பிறகு யாரும் அவரைக் கூப்பிடவில்லை.